மாட்டின் காதில் ஈ மருந்து: வில்லை வென்ற கதையும் தோற்ற கதையும்

மேய்ச்சலில் நிற்கும் மாட்டைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தால், அது மேய்வதைவிட ஈ விரட்டுவதில்தான் அதிகம் பாடுபடுகிறது என்பது தெரியும். வாலைச் சுழற்றும். காலைத் தரையில் உதைக்கும். தோலைச் சிலிர்க்கும். அதற்கும் அசையாத ஈயை விரட்ட, தலையைப் பின்னால் வீசி விலாவிலும் தோளிலும் அடித்துக்கொள்ளும். அப்படி அடிக்கும்போது காது, தோள் மயிரிலும் முதுகு மயிரிலும் உரசிச் செல்லும்.

இந்தத் தலைவீச்சை நம்பியே ஒரு மருந்து முறை உருவாயிற்று. பூச்சிமருந்து கலந்த பிளாஸ்டிக் வில்லை ஒன்றை மாட்டின் காதில் மாட்டிவிட்டால், மாடே அந்த மருந்தைத் தன் உடம்பில் பூசிக்கொள்ளும். தெளிப்பான் வேண்டாம், மாட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கட்டவும் வேண்டாம். 1980ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளில் இது பரவியபோது, ஒரு கோடை முழுவதும் மந்தையில் ஈயே காணோம் என்று பண்ணையாளர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1980களின் நடுப்பகுதிக்குள், தென் மாநிலங்கள் பலவற்றில் அதே வில்லை காதில் தொங்க, அதே மாட்டின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது.

மருந்து கெட்டுப்போகவில்லை. போலிச் சரக்கும் அல்ல. பின் எதனால் தோற்றது? அந்த வில்லையில் இருந்த மருந்தினத்தையே நம் ஊரிலும் உண்ணிக்கும் ஈக்கும் தெளித்து வருகிறோம். ஆகவே இந்தக் கேள்வியைத் தூர தேசத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

மாட்டின் மேலேயே குடியிருக்கும் ஈ

மாட்டைக் கடிக்கும் ஈக்கள் எல்லாம் ஒன்றல்ல. காது வில்லை குறிவைத்தது அவற்றுள் ஒன்றை மட்டுமே. அமெரிக்காவில் அதற்குக் கொம்பு ஈ என்று பெயர். ஹீமடோபியா இரிட்டன்ஸ் என்பது அறிவியல் பெயர். குளிர்ந்த வேளைகளில் கொம்பின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொள்வதால் இந்தப் பெயர் வந்தது. இது அமெரிக்காவின் பூர்வீக ஈ அன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து, 1887ஆம் ஆண்டு வாக்கில் நியூஜெர்ஸி மாநிலத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. பின்னர் சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவிவிட்டது.

வீட்டு ஈயில் பாதி அளவுதான் இருக்கும். நீளம் நாலு மில்லிமீட்டர். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். நாள் ஒன்றுக்கு ஒரே ஈ இருபது, முப்பது முறை ஊசி போல் குத்தும். ஒரு மாட்டின் மேல் சில நூறு ஈக்கள் இருப்பது சாதாரணம். பொலிகாளைகளின் மேல் ஆயிரக்கணக்கிலும் காணலாம். கன்றுகளை இது அவ்வளவாக நாடுவதில்லை.

இதன் வாழ்க்கையில் ஒரு விசேஷம் உண்டு. இந்த ஈ மாட்டை விட்டு விலகுவதே இல்லை எனலாம். இரவும் பகலும் மாட்டின் முதுகிலும் தோளிலும், வெயில் ஏறினால் வயிற்றின் அடியிலும் தங்கியிருக்கும். முட்டையிட மட்டுமே பெண் ஈ கீழே இறங்கும். மாடு சாணம் போட்ட உடனே, அந்தச் சூடு ஆறுவதற்குள் அதன் விளிம்பில் முட்டையிட்டுவிட்டுத் திரும்ப மாட்டின் மேல் ஏறிவிடும். ஆறிப்போய் மேலே ஏடு கட்டிய சாணம் அதற்கு உதவாது. குப்பை, எருக்குழி, அழுகிய வைக்கோல் எதிலும் இது பெருகாது. மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, கலையாமல் கிடக்கும் புதுச் சாணம்தான் இதன் தொட்டில். முட்டை ஒரு நாளில் பொரிந்து, புழு சாணத்தைத் தின்று வளர்ந்து, சாணத்திலோ அதன் அடி மண்ணிலோ கூட்டுப்புழுவாகும். வெப்பமான பருவத்தில் பத்து முதல் இருபது நாட்களுக்குள் புதிய ஈ வெளிவந்துவிடும்.

இதனால் வரும் நட்டம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மாடு சாவதில்லை. மேய்ச்சல் குறையும், பால் குறையும், தாய்ப்பால் குறைவதால் கன்றின் எடை குறையும். ஈயைக் கட்டுப்படுத்திய மந்தையில், பால் மறக்கும் வேளையில் கன்று ஒன்றுக்கு 5 முதல் 9 கிலோ வரை கூடுதல் எடை கிடைக்கும் என்பது அமெரிக்க விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லிவரும் கணக்கு. கிடேரிகளின் காம்பு நுனியை இந்த ஈ கடித்துப் புண்ணாக்கி, மடிநோய்க் கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் பரப்புவதும் உறுதி செய்யப்பட்டுள்ளது. கன்று ஈனும் முன்பே ஒரு காம்பு போய்விட்ட கிடேரியை வாங்கியவருக்கு அந்த நட்டத்தின் அளவைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் நாலைந்து ஈ இருந்தால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இறைச்சி மாடுகளில் ஒரு மாட்டுக்கு 200 ஈ என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு கட்டுபடியாகும் என்று அங்கு வரையறுத்துள்ளார்கள். காலை நேரத்தில், மாடு அமைதியாக நிற்கையில், ஒரு பக்கம் மட்டும் எண்ணி இரட்டிப்பாக்குவது வழக்கம். இந்த 200 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்ததில்தான் பாதிக் கோளாறு வந்தது.

காதில் ஏன் மாட்டினார்கள்?

மெக்சிகோ வளைகுடாக் கரையோர மாநிலங்களில் மாட்டின் காதுக்குள் ஒட்டிப் புண்ணாக்கும் ஒருவகை உண்ணி உண்டு. 1970களில் மருந்து வில்லையைக் காதில் மாட்டிப் பார்த்தது பெரிதும் அந்த உண்ணிக்காகவே. அப்போது இருந்த மருந்துகள் கொம்பு ஈயிடம் ஓரளவே பலித்தன.

நிலைமையை மாற்றியது பைரித்ராய்டு மருந்தினம். சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் பூவின் பூச்சிக்கொல்லிச் சத்து மனிதனுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஆனால் வெயில் பட்டால் அது சீக்கிரம் அழிந்துவிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் 1973ல் வெளியிட்ட பெர்மெத்ரின், அந்தச் சத்தைப் போன்றே அமைக்கப்பட்ட, வெயிலைத் தாங்கும் செயற்கை மருந்து. ஜப்பானில் உருவான ஃபென்வலரேட்டும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. மிகக் குறைந்த அளவே ஈயைக் கொன்றுவிடும். பாலூட்டிகளுக்கு நஞ்சுத் தன்மை ஒப்பளவில் குறைவு.

இம்மருந்தைப் பி.வி.சி. பிளாஸ்டிக்கோடு கலந்து, பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள வில்லையாக வார்த்தார்கள். பிளாஸ்டிக்கின் உள்ளிருக்கும் மருந்து சிறிது சிறிதாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். மாடு தலையை வீசும்போதும், ஒன்றன் மேல் ஒன்று உரசும்போதும் அந்தப் பூச்சு மயிரில் படிந்து, மயிர் எண்ணெயோடு உடம்பில் பரவும். கொம்பு ஈ எந்நேரமும் மயிருக்குள்ளேயே வாழ்வதால் தப்பிக்க வழியில்லை.

மற்ற ஈக்களிடம் இது பலிக்காததற்கும் காரணம் இதுவே. ஸ்டொமாக்ஸிஸ் என்னும் தொழுவ ஈ, மாட்டின் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து சில நிமிடங்களில் வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சுவருக்கோ வேலிக்கோ போய்விடும். காதில் இருக்கும் மருந்து கால் வரை போதிய அளவில் இறங்குவதில்லை. டபானஸ் என்னும் பெரிய ஈ அதைவிட மோசம். கத்தி போன்ற வாயால் கீறி, வழியும் இரத்தத்தை நக்கிவிட்டுப் பறந்துவிடும். கண்ணோரத்து நீரை நக்கும் முக ஈக்களிடம் வில்லைக்கு ஓரளவு பலன் உண்டு, அவ்வளவே. எல்லா ஈக்கும் ஒரே வில்லை என்று யாராவது விற்றால், அவர் ஈயைப் பார்த்ததில்லை என்று கொள்ளலாம்.

சில கோடைகளில் நடந்தது

முதல் கோடையில் வில்லையின் பலன் அபாரமாக இருந்தது. சில மாதங்கள் தொடர்ந்து ஈக்கள் ஏறத்தாழ முழுமையாக ஒழிந்தன. செலவும் கூலியும் குறைவு. பிறகு ஆசை பெருகியது. ஈ எண்ணிக்கை 200ஐத் தொடும் வரை காத்திருப்பானேன், கன்றுகளுக்கு அடையாள வில்லை போட மாட்டைக் கூண்டில் ஏற்றும் வசந்த காலத்திலேயே இதையும் மாட்டிவிடலாமே என்றார்கள். கோடை முடிந்தபின் அதைக் கழற்ற மீண்டும் ஒருமுறை மந்தையைத் திரட்ட வேண்டும். அந்த வேலையைப் பலர் செய்யவில்லை. அடுத்த ஆண்டும் அதே மருந்து, அதற்கடுத்த ஆண்டும் அதே மருந்து.

1980களின் நடுப்பகுதிக்குள் லூசியானா, ஜார்ஜியா, ஃபுளோரிடா முதலிய மாநிலங்களிலிருந்து வில்லை பலிக்கவில்லை என்ற செய்திகள் வந்தன. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அந்த ஈக்கள் முன்பு இறந்ததைப் போல் பல மடங்கு மருந்தைத் தாங்கின. ஒரு பைரித்ராய்டைத் தாங்கிய ஈ, அந்த இனத்தின் மற்ற மருந்துகளையும் தாங்கிற்று. பெர்மெத்ரினை விட்டு ஃபென்வலரேட்டுக்கு மாறியவர், கடையை மாற்றினாரே தவிர மருந்தை மாற்றவில்லை.

இதன் உள்விவரம் பின்னால் தெளிவாயிற்று. பைரித்ராய்டு மருந்து, ஈயின் நரம்பில் சோடியம் அயனிகள் நுழையும் வாயிலைப் பிடித்து, மூட முடியாமல் திறந்தே வைக்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து ஈ விழுந்து சாகிறது. ஆனால் பல்லாயிரம் ஈக்களில் ஒன்றிரண்டில் அந்த வாயிலின் புரத அமைப்பில் பிறவியிலேயே ஒரு சிறு மாற்றம் இருக்கும். லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல் அலனின் இருக்கும். அந்த வாயிலை மருந்தால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. இதே மாதிரியான தாங்குதிறன் டி.டி.டி. தெளித்த வீட்டு ஈக்களில் 1950களிலேயே காணப்பட்டது, டி.டி.டி.யும் தாக்குவது அதே வாயிலைத்தான். ஆக, எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது.

மருந்து ஈக்கு எதிர்ப்புத் திறனைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து செய்வது பொறுக்கி எடுக்கும் வேலை. தாங்காத ஈயைக் கொன்று, தாங்கும் ஈக்கு இடத்தைக் காலி செய்து தருகிறது. கொம்பு ஈயின் விஷயத்தில் இந்தப் பொறுக்கல் மிகக் கடுமையாக நடந்தது. எல்லா ஈயும் மாட்டின் மேலேயே இருப்பதால், எல்லா மாட்டுக்கும் வில்லை போட்டால் மருந்து படாத ஈ என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. மருந்து படாமல் தப்பிய சாதாரண ஈக்கள் இருந்தால், தாங்கும் ஈயோடு அவை இணைந்து அடுத்த தலைமுறையின் வீரியத்தைக் குறைக்கும். அந்த வாய்ப்பு இங்கு இல்லாமற் போயிற்று. இரு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும், ஒரு கோடையில் பத்துத் தலைமுறை வந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தீங்கைச் செய்தது கழற்றாமல் விட்ட வில்லையே எனலாம். நாலைந்து மாதத்துக்குப்பின் வில்லையிலிருந்து மருந்து கசிவது குறைந்துவிடும், ஆனால் நின்றுவிடாது. அந்த அரைகுறை அளவு சாதாரண ஈயைக் கொல்லும், பாதி தாங்கும் ஈயைக் கொல்லாது. அப்படிப் பிழைத்தவை குளிர்காலம் முழுவதும் சாணத்தின் அடியில் கூட்டுப்புழுவாகக் கிடந்து, அடுத்த வசந்தத்தில் அந்தப் பண்ணையின் முதல் தலைமுறையாக எழுந்து வந்தன.

இப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

வில்லையைக் கைவிட்டுவிடவில்லை. பின்னால் டயசினான் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்து வில்லைகளும், அபமெக்டின் வில்லைகளும் வந்தன. இவை பைரித்ராய்டிலிருந்து வேறான வழியில் கொல்பவை. ஓர் ஆண்டு ஓர் இனம், அடுத்த ஆண்டு வேறு இனம் என்று சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. உறையில் உள்ள வணிகப் பெயரைப் பார்த்தால் போதாது, மருந்தினம் எது என்று படிக்க வேண்டும். டயசினான் வில்லைகளைப் பால் கறக்கும் மாடுகளுக்குப் போடலாகாது என்ற கட்டுப்பாடும் அங்கு உண்டு.

ஈ 200ஐத் தொட்ட பிறகே மாட்டுகிறார்கள். பெரிய மாடுகளுக்கு மட்டும், பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டு வில்லை. தாய்மாட்டுக்குப் போட்டால் கன்றுக்குத் தனியே தேவைப்படுவதில்லை. உறையை மாட்டும் வேளையில்தான் பிரிக்க வேண்டும். கையுறை கட்டாயம், காது நரம்புகளையும் குருத்தெலும்புத் தடிப்பையும் விலக்கி, காதின் நடுப்பகுதியில் இடுக்கியால் பொருத்த வேண்டும். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் பருவம் முடிந்தவுடன் கழற்றிவிட வேண்டும். கழற்றிய வில்லையிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதை ஓடையிலோ குளத்தோரத்திலோ எறிந்தால் மீன் சாகும். பைரித்ராய்டும் டயசினானும் மீனுக்குக் கொடிய நஞ்சு.

வில்லை ஒன்றையே நம்புவதும் குறைந்துள்ளது. மாடு தண்ணீர் குடிக்கப் போகும் வழியில், குனிந்தே நுழைய வேண்டிய இடத்தில் மருந்துத்தூள் பையைத் தொங்கவிடுவதும், எண்ணெயும் மருந்தும் ஊறிய சாக்கைக் கட்டி அதில் மாடு முதுகைத் தேய்த்துக்கொள்ளச் செய்வதும் பழைய முறைகளே. இவற்றினும் பழையது 1930களில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த புரூஸ் என்பவர் அமைத்த பொறி. இருபுறமும் வலைக்கூடு கொண்ட சிறு நடைகூடம். மேலிருந்து தொங்கும் சாக்குத் திரைகள் மாடு நுழையும்போது அதன் முதுகை வருடி ஈயைக் கிளப்பும். கிளம்பிய ஈ வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வலைக்குள் சிக்கும். மாட்டைத் தவறாமல் அதன் வழியே நடத்தினால் பாதிக்குமேல் ஈ குறையும். இதைத் தாங்கும் திறனை எந்த ஈயும் இதுவரை பெறவில்லை!

ஆஸ்திரேலியாவின் சாண வண்டு

ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் கொம்பு ஈக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான எருமை ஈ, அதாவது ஹீமடோபியா எக்சிகுவா இருக்கிறது. இதன் தாயகம் ஆசியா. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் திமோர் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட கால்நடைகளோடு அங்கே நுழைந்து, மெல்லப் பரவி, 1928 வாக்கில் குயின்ஸ்லாந்தை எட்டியது.

அங்கு இன்னொரு சிக்கல் இருந்தது. கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டுச் சாண வண்டுகள், வெள்ளையர் கொண்டுவந்த மாட்டின் ஈரச் சாணத்தை அவ்வளவாகத் தொடவில்லை. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணம் போடும். அது மாதக்கணக்கில் அப்படியே காய்ந்து கிடந்து, புல்லையும் மூடியது, ஈயையும் வளர்த்தது. ஹங்கேரியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற பூச்சியியலார் இதைக் கவனித்து, வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டார். அந்நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனம் இத்திட்டத்தை ஏற்று, 1967 முதல் வண்டுகளை வெளியில் விட்டது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து வந்தவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே நிலைத்துவிட்டன.

வண்டுகள் சாணத்தை உடைத்து மண்ணுக்குள் இறக்கிவிட்டால், ஈப் புழு முதிர்வதற்குள் அதன் உணவு போய்விடும். புல்லுக்கு எருவும் கிடைக்கும். பல பகுதிகளில் மனிதர் முகத்தில் மொய்க்கும் புதர் ஈ வெகுவாகக் குறைந்ததற்கு வண்டுகள் முக்கிய காரணம். எருமை ஈயை மட்டும் வண்டுகளால் ஒழித்துவிட முடியவில்லை. வண்டு சுறுசுறுப்பாக இல்லாத நாட்களில் ஈ முந்திக்கொள்கிறது. ஆகவே அங்கும் வில்லை, பொறி, வண்டு மூன்றையும் சேர்த்தே கையாளுகிறார்கள். வில்லையின் மருந்துச் சத்து வண்டுகளைக் கொன்றுவிடக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது; சில குடற்புழு மருந்துகள் சாணத்தின் வழியே வண்டுப் புழுக்களைக் கொல்கின்றன.

நம் தொழுவத்துக்கு எது?

திமோரிலிருந்து ஆஸ்திரேலியா சென்ற அதே எருமை ஈ இந்தியாவிலும் எருமை, பசுக்களின் மேல் உண்டு. மேய்ச்சலுக்குப் போகும் மந்தைகளின் முதுகில், தலையைக் கீழ்நோக்கி வைத்துக் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் சிற்றீக்கள் அவையே.

ஆனால் இரண்டு கலப்பினப் பசுக்களைக் கொட்டகையில் கட்டி, தீவனத்தை அறுத்துப் போட்டு வளர்ப்பவரின் முதல் எதிரி இது அன்று. கட்டுத்தறியில் நிற்கும் மாடு ஓயாமல் காலை உதைக்கிறது என்றால் அது தொழுவ ஈயின் வேலை. கறக்கும்போது வாளியை உதைத்துத் தள்ளுவதற்கு மாட்டின் கெட்ட குணத்தைவிட இந்த ஈ பல நேரம் காரணமாக இருக்கும். அந்த மாட்டின் காதில் மருந்து வில்லை மாட்டினால், செலவுதான் மிச்சம்.

தொழுவ ஈ பெருகுவது புதுச் சாணத்தில் அல்ல. கோமியமும் சாணமும் கலந்து ஊறிய வைக்கோல், தீவனத் தொட்டியின் அடியில் தேங்கிய கழிவு, எருக்குழியின் ஈர விளிம்பு ஆகியவையே அதன் இடம். முட்டையிலிருந்து ஈயாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். எனவே வாரம் ஒருமுறை மூலைமுடுக்கு விடாமல் இந்த ஈரக் கூளத்தை வழித்து அகற்றினால், ஒரு தலைமுறையும் முதிர முடியாது. அகற்றியதை மெல்லியதாகப் பரப்பி வெயிலில் உலர்த்தலாம். அல்லது எருக்குழியில் போட்டுப் பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடலாம். உள்ளே எழும் சூட்டில் புழுக்கள் சாகும். தரையில் கோமியம் வடிய நல்ல சரிவும் வாய்க்காலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாலையில் வேப்பிலைப் புகை மூட்டம் போடுவது மாட்டுக்கு அந்த நேரத்து நிம்மதியைத் தரும். ஆனால் புழு பெருகும் இடத்தை அது தொடுவதில்லை.

இந்த ஈக்கள் இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. டபானஸ் ஈ பரப்பும் சர்ரா நோயின் கிருமியை 1880ல் பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில்தான் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். 2019ல் ஒடிசாவில் முதலில் உறுதி செய்யப்பட்டு, 2022ல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த தோல் கழலை நோயும் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுவதே. இந்நோய்க்குத் தடுப்பூசிதான் முதல் காப்பு என்றாலும், நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டும்போது ஈயை மறந்தால் பிரித்ததின் பயன் குறைந்துவிடும்.

மருந்தே தெளிக்க நேர்ந்தால் அமெரிக்கப் பண்ணையாளரின் அனுபவத்தை இங்கும் நினைவுகூர வேண்டும். நம் ஊரில் உண்ணிக்கும் ஈக்கும் அதிகம் புழங்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இரண்டும் பைரித்ராய்டு இனமே. டெல்டாமெத்ரினைத் தாங்கும் மாட்டு உண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டித் தெளிப்பதும், மிச்சம் பிடிக்கிறோம் என்று நீரைக் கூட்டிக் கலப்பதும் தாங்கும் இனத்தைப் பொறுக்கி எடுக்கும் வேலையையே செய்யும். கால்நடை மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, தேவையானபோது வேறு மருந்தினம் என்ற ஒழுங்கு வேண்டும். கறவை மாடாயின் பாலுக்குரிய இடைவெளியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் மாடுகளின் காதில் கால்நடை பராமரிப்புத் துறையினர் மாட்டும் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை அடையாளத்துக்கானது. அதில் ஈ மருந்து ஏதும் கிடையாது. தடுப்பூசி, சினை ஊசி, காப்பீடு ஆகியவற்றின் பதிவுக்கு அது தேவை என்பதால் அதைக் கழற்றக் கூடாது. காது புண்பட்டால் மஞ்சள் வில்லையைப் பிடுங்கிவிடாமல், புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் முன் மருந்திட வேண்டும்.

தொழுவத்தில் இருப்பது எந்த ஈ என்று தெரியாதவர்கள், அதிகாலையில் மாட்டின் காலிலிருந்தும் முதுகிலிருந்தும் நாலைந்து ஈக்களைத் தனித்தனியே பிடித்து, இடத்தைக் குறித்த சிறு சீசாக்களில் போட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.